கடலில் இருப்பவரை எண்ணாத ஊர்

அன்று பூவரச மரத்தடியில் இருந்தது யூனியன் ஆபீஸிலிருந்து வந்த கிராம சேவக். மணலில் அவர் தோளில் சுமந்து வந்த சைக்கிள். வலை கட்டுகிற பெரியவர். அவருக்கு ஒரு கால் மடங்காது. கருவாட்டுக்காரி. கடை வைத்திருந்த மரைக்காயர். என் வீட்டுக்காரர். அடுத்த வீட்டு மதினி, ஏழு மாதம். நான்.

மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து வீட்டு விவரம் சொல்லிவிட்டுப் போனார்கள். தொழிலுக்குப் போகிற ஆண்களில் ஒருவர்கூட ஊரில் இல்லை. அது ஆடி மாதம். வைகாசியில் கச்சான் காற்று எழும்பிவிட்டால் எங்கள் பக்கத்துக் கடல் தொழிலுக்கு ஆகாது. வத்தைப் படகுகளில் பாய் கட்டிப் பாம்பனுக்குப் போய்விடுவார்கள். அங்கே வடகடலில் மீன்பிடித்துவிட்டுப் புரட்டாசியில்தான் திரும்புவார்கள்.

நான் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம், வயக்காட்டு ஊர். இரண்டு வருடம் கண்மாய் பெருகவில்லை. வீட்டுக்காரர் ஒரு தென்னந்தோப்புக் காவலுக்கு ஒத்துக்கொண்டார். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். மாரியூருக்கு மேற்கே கரையோரமாக நடந்து போனோம். இருபத்துச் சொச்சம் கூரை வீடு தெரிந்தது. எல்லா வீட்டுக்கும் வாசல் வடக்கே. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் சாயங்காலம் என் வாசலில் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் காரப்பொடி மீன் இருந்தது. யார் வைத்தது என்று நாலு வீட்டில் கேட்டேன். யாரும் வைக்கவில்லை என்றார்கள். ஐந்தாவது வீட்டில் கருவாட்டுக்காரி, "ஏன், மீனு தானா நடந்து வந்துருக்கும். ஆக்கித் தின்னு மதினி" என்றாள். எனக்கு மீன் ஆயத் தெரியாது. அதையும் அவள்தான் வந்து ஆய்ந்து கொடுத்தாள்.

அந்த ஊர் எப்போதும் அதே இடத்தில் இருந்ததில்லை. கடல் மூன்று தடவை துரத்தியிருக்கிறது. மூன்று தடவையும் கூரையை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வடக்கே நகர்ந்திருக்கிறார்கள். பெரியவர் இரண்டாவது ஊரில் பிறந்தவர். முதல் ஊரின் கிணறு இப்போது கடலுக்குள் இருக்கிறது. தண்ணீர் வற்றுகிற நாளில் அதன் சுவர் ஒரு முழம் தெரியும். நண்டு குடியிருக்கும். சுவர் தெரிந்தால் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அதற்குப் பிறகு ஊருக்குக் கிணறு அமையவில்லை. மணல் மேட்டுக்குப் பின்னால் நல்ல ஊற்று உண்டு. தோண்டினால் மணல் சரிந்து மூடிவிடும். உறை இறக்கினால் நிற்கும். உறை இறக்க எங்களால் முடியாது. ஊருணிக்குப் போய்த்தான் தண்ணீர் எடுத்தோம். போக வர நாலு மைல். காலையில் ஒரு நடை, வெயில் தாழ ஒரு நடை. மதினி அந்த வயிற்றோடு இடுப்பில் ஒரு குடம் வைத்துக்கொண்டு வருவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள்.

சர்க்காரில் உறைக்கிணறு இறக்கித் தருகிறார்கள் என்று மரைக்காயர்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மனுக் கொடுத்தோம். அதற்காகத்தான் கிராம சேவக் வந்தார்.

"நூறு தல இருந்தாக் கெணறு. கொறஞ்சா வேற ஊருக்குப் போயிரும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மத்தியானத்துக்குள் எல்லா வீட்டையும் எழுதிக் கூட்டினார். அறுபத்தைந்து வந்தது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது. பத்தொம்பது வீட்டுல புருஷன் இல்லேன்னு சொல்லிருக்காக. அம்புட்டுப் பேரும் விதவையா?"

கருவாட்டுக்காரி கழுத்திலிருந்ததை இழுத்துக் காட்டினாள். "சாருக்குக் கண்ணு தெரியுதா? இது என்ன, தூண்டிக் கயிறா?"

"அப்ப ஆளு எங்க?"

"கடல்ல."

"கடல்ல இருந்தா ஆளு இல்லையா? அவுகளையும் எழுதணும்ல?"

"எழுதாதீக. கரையில கால் வச்ச பெறகு எழுதிக்கங்க."

பெரியவர் கையிலிருந்த வலையை விடாமலே சொன்னார். "நாம எண்ணுனா கடலும் எண்ணும் சார்."

அது அந்த ஊர் வழக்கம். கடலில் இருப்பவரை எண்ண மாட்டார்கள். மரத்தடியில் வாய் உடைந்த பானை ஒன்று புதைத்திருக்கும். பாம்பனுக்குப் புறப்படுகிற அன்று ஆளுக்கொரு சிப்பியை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு சிப்பியை எடுத்துக் கடலில் வீசுவார்கள். பானை காலியானால் எல்லாரும் வந்தாயிற்று. இடையில் யாரும் அதற்குள் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள்கூட அந்தப் பக்கம் விளையாடாது.

கிராம சேவக் என் பக்கம் திரும்பினார். "நீங்க வெவசாயம் பாக்குற சம்சாரி வீடுதான? ஒங்களுக்கு இந்தப் பழக்கம் கெடையாது. எத்தன ஆம்பள போயிருக்காகன்னு நீங்க சொல்லுங்க. எழுதிக்கிறேன்."

எனக்குத் தெரியும். எட்டு வத்தை. எந்த வத்தையில் யார் யார் என்று தெரியும். அன்று காலையில் ஊருணியில் கலங்கல்தான் கிடைத்தது. துணியில் வடிகட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன். மதினி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

"கமுதிப் பக்கம்."

"நெல்லு வெளையுமா?"

"மழ பேஞ்சா வெளையும்."

"களத்துல மொத மரக்கா அளக்கையில ஒங்க அய்யா என்னன்னு சொல்லுவாக?"

"லாபம்னு சொல்லுவாக."

"ஏன் ஒண்ணுன்னு சொல்றதில்ல?"

அவர் பேனாவை மூடினார். மரைக்காயர், "மாட்டிக்கிட்டீக சார்" என்று சிரித்தார். கிராம சேவக்கும் கொஞ்சம் சிரித்தார்.

"புரட்டாசி கடைசி நாளு சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பட்டியல் போயிரும். அதுக்குள்ள சாயல்குடிக்கு வந்து முழு எண்ணிக்கை சொல்லணும். யாரு வருவீக?"

"நான் வாரேன்" என்றேன்.

அவர் போன பிறகு கருவாட்டுக்காரி கேட்டாள். "நீ சொல்லிருந்தாக் கெணறு வந்துருக்கும்ல?"

"ஆமா."

"பெறகு ஏன் சொல்லல?"

"வாயில வரல."

மறுநாள் காலையில் வாசலில் ஐந்து வீட்டுக் கருவாடு இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஆவணியில் ஊருணி சேறானது. அதற்கு அடுத்த ஊர் ஊருணிக்குப் போனோம். அங்கே உள்ளவர்கள் முடித்த பிறகுதான் எங்களை இறங்க விட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் மதினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்ட ஊரே ஆளுக்கொரு செம்பு நல்ல தண்ணீர் கொடுத்தது. மதினி அந்தத் தண்ணீரைத் தவலையில் பிடித்து வைத்து மறுபடியும் துணி அலசினாள்.

கடைசி வாரம் வத்தைகள் வந்தன. இறங்குவார்கள், மரத்தடிக்கு வந்து சிப்பியை எடுப்பார்கள், வீசுவார்கள். நான் அங்கேயே நின்றேன். எடுத்த பிறகு எண்ணலாம். அதில் தப்பில்லை. ஏழு வத்தை வந்தது. முப்பத்தோரு பேர். எட்டாவது வரவில்லை. அதில் மதினி புருஷனும் இன்னும் நாலு பேரும். தீவுக்குப் பக்கத்தில் கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார்கள். நாலு நாள் ஆயிற்று. தேடப் போனவர்களும் வெறுமனே திரும்பினார்கள்.

புரட்டாசி கடைசி நாளும் வந்தது. மரைக்காயர் காலையிலேயே வந்துவிட்டார்.

"தங்கச்சி, வந்தவுகளச் சேத்தா எம்புட்டு வருது?"

"புதுப் பிள்ளையோட தொண்ணூத்தேழு."

"மூணுதான் கொறையிது. அந்த அஞ்சு பேரையும் சேத்துச் சொல்லிரு. இன்ஷா அல்லா, வந்துருவாக."

நான் மதினி வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வந்த காரியம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சேத்துச் சொல்லிரு மதினி" என்றாள்.

"நீ சொல்லாத."

"நாந்தான சொல்லணும். எம் புருஷன்தான கடல்ல கெடக்காக. ஊருக்குத் தண்ணி வேணும். போ."

"சேக்க மாட்டேன்" என்றேன்.

அவள் அழவில்லை. பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். சாயல்குடிக்கு இரண்டு மணி நேர நடை. நிழல் பானையைத் தாண்டுகிற வரை இருக்கலாம் என்று கணக்கு வைத்தேன். அதற்குப் பிறகு கிளம்பிப் பயனில்லை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் எனக்கு ஒரு செம்பு நீச்சத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

நிழல் பானையின் விளிம்பைத் தொட்டபோது பெரியவர் வலையைக் கீழே வைத்தார். "அங்கன ஒண்ணு தெரியுது" என்றார்.

பாய் மாதிரி இல்லை. சின்னதாக, பல நிறத்தில் இருந்தது. கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. பாய்மரம் முறிந்து, துடுப்பை நட்டு, கட்டியிருந்த வேட்டியையும் போர்வையையும் கோத்துக் கட்டி வந்திருந்தார்கள். வேறொரு தீவில் ஒதுங்கி மூன்று நாள் கிடந்திருக்கிறார்கள்.

கோவணத்தோடு ஐந்து பேரும் இறங்கினார்கள். மதினி புருஷன் கூட்டத்தைப் பார்த்தார். "என்ன, யாரும் செத்துட்டாகளா?" என்றார்.

"நீதான்னு இருந்தோம்" என்றாள் கருவாட்டுக்காரி. "வேட்டியக் கட்டு மொதல்ல. பொம்பளப் பிள்ள பெறந்துருக்கு."

அவர் வேட்டியைத் தேடவில்லை. மரத்தடிக்கு நடந்து வந்தார். மற்ற நாலு பேரும் எடுத்த பிறகு பானைக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒன்று இருந்தது. எடுத்து வீசினார். பிறகு கையைப் பானைக்குள் மறுபடி விட்டுப் பார்த்தார். மதினி வாசலில் பிள்ளையோடு நின்றாள். கிட்ட வரவில்லை.

நான் கிளம்பிவிட்டேன். வீட்டுக்காரரும் வந்தார். நடக்கிற வேகத்தில் பேச முடியாது. ஊருணிக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்ற பெண்கள் ஏதோ கேட்டார்கள். நிற்கவில்லை.

ஆபீஸில் மற்ற மேஜைகள் காலியாகிவிட்டன. கிராம சேவக் மட்டும் தாளை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே வெறுமையாக விட்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது.

"எல்லாரும் கரையில கால் வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு."

பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. எத்தன பேரு?"

நூற்று இரண்டு.