பித்தளையிலிருந்து எடுத்த எழுத்து

ஃபூம்பான் நகரில் பித்தளை வார்ப்பவர் தெருவில் பிறந்த ராஹினாத்து, கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருந்தாள். பாமும் என்ற தங்கள் மொழியின் எழுத்துகளில் பழைய வடிவம் ஒன்று இன்னும் கணினியில் ஏறவில்லை என்று தெரிந்ததும், அதை ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று நின்றாள். அந்த எழுத்துள்ள பித்தளை முத்திரையொன்று மூலியோம் என்ற குடும்பத்துப் பெரியவரிடம் இருந்தது. காகிதத்தைக் கரையான் தின்னும், பித்தளையை நம்பலாம் என்று கேட்டு வளர்ந்தவள். முத்திரையைப் பார்த்து அப்படியே வரைந்து, எழுத்துகளைக் கணினிப் பட்டியலில் சேர்க்கும் வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினாள். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். வருகிற திங்கட்கிழமையோடு பட்டியலை மூடிவிடுவார்கள்; அப்புறம் மாற்ற முடியாது.

முத்திரையைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில் அண்ணன் ஸுனேதுவின் வார்ப்புப் பட்டறைக்குள் நுழைந்தவள், அங்கிருந்த தேன்மெழுகில் அதைச் சும்மா அழுத்திப் பார்த்தாள். மெழுகில் எழுத்தின் கொக்கி வலப்பக்கம் நின்றது. அவள் அனுப்பியதில் இடப்பக்கம்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

“எழுத்த இடம்வலம் மாத்தி அனுப்பிட்டேண்ணே. முத்திரைன்னா திருப்பித்தானே வெட்டியிருப்பாங்க.”

“வார்ப்புக்காரன் பொண்ணு நீ, வெளிய சொல்லிடாத. எவன் பாக்கப்போறான், விடு.”

“விட்டா எல்லா ஃபோன்லயும் இப்படியேதான் வரும். நம்ம பிள்ளைங்க இதையே சரின்னு படிக்கும்.”

முத்திரை மூலியோம் வீட்டுச் சொத்து. திருத்தம் கேட்க அதன் மெழுகுப் பதிவைச் சாட்சியாக அனுப்ப வேண்டும்; அவர்கள் சம்மதமில்லாமல் அது முடியாது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அந்த வீட்டு ஆண்கள் சோளக்களிக்கு உட்கார்ந்திருந்தபோது போய், ஊர் வழக்கப்படி குனிந்து மெல்லக் கைதட்டி வணங்கிவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

“ஏம்மா, எங்க எழுத்து கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே,” என்றார் பெரியவர். “இப்ப அது முதுகக் காட்டிட்டு நிக்குதுன்னு சொல்லவா?”

“இந்த வீட்ல எது நேரா போயிருக்கு?” என்றார் அவருடைய மைத்துனர். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. முத்திரையையும் மெழுகுக் கட்டியையும் பெரியவர் முன்னால் வைத்தாள். “தப்பு என்னோடது ஐயா. திட்டு எனக்கு வரட்டும். நீங்களே அழுத்திப் பாருங்க. உங்க எழுத்து எப்படி நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் விரலில் ஒட்டிய களியைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். கொக்கி வலப்பக்கம் நின்றது.

“படம் எடு. என் கையும் விழட்டும். அப்பத்தான் நம்புவானுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. வடிவத்தை மாற்றிவிட்டார்களாம், ஆனால் இனி அவள் அனுப்பும் எதையும் இன்னும் இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டுமாம். அவமானத்தில் காது சுட்டது. பெரியவர் பெயரையும் அண்ணன் பெயரையும் உடனே எழுதி அனுப்பினாள். அண்ணனிடம் அதன் பிறகுதான் சம்மதம் கேட்டாள்.