ஐந்து நாளில் எந்த நாள்

லண்டன் மனோர் பார்க்கில் குலசேகரத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழமையாக ஜேர்மனி வரைபடம் விரிந்து கிடந்தது. சோற்றுக் கோப்பைகளை அதன் மேலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். டோர்ட்முண்ட் நகரத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்து ஊர்களுக்குக் கோடு இழுத்து, எந்த நாள் எங்கே என்று எழுதி, அழித்து, திரும்ப எழுதியிருந்தார். டிசம்பர் நத்தார் லீவுக்குத் தம்பியிடம் போகிறார், ஐந்து நாள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறார் என்று வேலைத் தலத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஐந்து நாளில் எந்த நாள், எந்த இடத்தில் வைத்து, அம்மா செத்துப்போனதைத் தம்பிக்குச் சொல்வது என்று அவர் மனதுக்குள் கிடந்து குமைந்தது மனைவி சிவமலருக்கு மட்டுந்தான் தெரியும்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகைக் கடைசி அது. யாழ்ப்பாணத்துக்குப் பாதையும் இல்லை, தொலைபேசியும் இல்லை. ஆரோ வள்ளத்தில் கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியா வந்து, கொழும்பில் இருக்கிற மைத்துனர் குகதாசனுக்குச் சொல்லி, அவர் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்ல, அங்கே எல்லாம் எரிந்து அடங்கிவிட்டிருந்தது. தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது முறை. தகப்பனார் போனபோது ஊரில் இருந்து கொள்ளி வைத்தவர் குலசேகரம். தாய்க்கு வைக்கவேண்டிய கடைக்குட்டி கணேசலிங்கம் டோர்ட்முண்டுக்கு வெளியே ஒரு சின்னப் பட்டினத்தில், அகதிகள் விடுதியில் இருந்தான். சித்தப்பாவின் மகன்தான் வைத்தானாம்.

இதை அவனுக்கு எப்படித் தொலைபேசியில் சொல்வது? விடுதியில் ஒரேயொரு தொலைபேசி, நடைபாதைச் சுவரில். ஞாயிறு பின்னேரம் குலசேகரம் எடுப்பார், காவலாளி கூப்பிட்டு விடுவான். பின்னால் நாலைந்து நாட்டுக்காரர் வரிசையில் நிற்பார்கள். அறையில் அவனோடு இருக்கிற இருவருக்கும் தமிழ் தெரியாது. வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, அப்பீலில் கிடந்தது. கடிதம் இல்லாமல் அந்த மாவட்டத்தை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. போன கோடையில் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், டொக்டர் வந்து பார்க்கிற அளவுக்குப் போய்த்தான் மீண்டவன். அவனுக்கு இந்தச் செய்தி போகும்போது தோளைப் பிடிக்க ஒரு சொந்தக் கை பக்கத்தில் இருக்கவேண்டும். குலசேகரம் கொண்ட முடிவு அவ்வளவுதான். பாரிஸ், ரொறன்ரோ என்று சொந்தம் இருக்கிற இடமெல்லாம் தொலைபேசி எடுத்து, கணேசுக்கு ஒருவரும் வாய் திறக்கக்கூடாது, நான் நேரே போய்ச் சொல்லுவன் என்று கட்டாயமாய்ச் சொல்லி வைத்தார்.

எதையும் நாலுதரம் யோசிக்கிற ஆள் அவர். ஊரில் சங்கக்கடை மனேச்சராய் இருந்து, எண்பத்தைந்தில் லண்டன் வந்து, இல்ஃபோர்ட் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தே எட்டு வருசத்தை ஓட்டியவர். அடுப்பை நூர்த்ததை இரண்டுதரம் பார்க்காமல் வீட்டுக் கதவைச் சாத்தமாட்டார். கூட வேலை செய்த பெனடிக்ற், குலம் அண்ணை சவுத்எண்ட் கடற்கரைக்குப் போறதுக்கும் விசா கேக்கிற ஆளெண்டு சொல்லிச் சிரிப்பான். வெள்ளிக்கிழமை ஷிப்டுக்கு முன்னம் முருகன் கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போடாமல் அவர் வேலைக்குப் போனதில்லை. செய்தி வந்ததிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. துடக்கு. சாவு நடந்த வீட்டார் முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயில் வாசல் மிதிப்பதில்லை.

சிவமலருக்கும் அவருக்கும் அந்த வரைபடத்தின் மேல் தினம் வாக்குவாதம். முதல் நாளே சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் மிச்ச நாலு நாளும் கூட இருந்து தேற்றலாம் என்பது அவள் கட்சி. அவன் நாலு வருசத்துக்குப் பிறகு சொந்தத்தின் முகம் பார்க்கப்போகிறான், வந்து இறங்கின கையோடு தலையில் போடுவதா, இரண்டு நாளாவது சிரித்துக்கொண்டு திரியட்டும் என்பது அவர் கட்சி. அப்படியென்றால் மூன்றாம் நாள். மூன்றாம் நாள் அவன் பழைய மாதா கோயில் ஒன்றைக் காட்டுவதாய்ச் சொல்லியிருந்தான். அங்கே, சனத்துக்கு நடுவில், எப்படி? நாலாம் நாள் நத்தார்ச் சந்தை. ஐந்தாம் நாள் என்றால் சொல்லிவிட்டு பஸ் ஏறவேண்டும்.

"சொல்லிப்போட்டு அவனைத் தனிய விட்டிட்டு வாறதுக்கோ இவ்வளவு தூரம் போறியள்?" என்று சிவமலர் கேட்டாள்.

"நீர் சும்மா இரும்" என்றார்.

பயணம் புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிறு, வழக்கம்போலத் தொலைபேசி எடுத்தார். கணேசலிங்கத்தின் குரலில் இப்படியொரு துள்ளலை அவர் கனகாலம் கேட்டதில்லை. அவனும் ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தான். பக்கத்து ஊரில் எம்மவர்கள் ஒரு வீட்டின் நிலவறையில் அம்மன் வைத்திருக்கிறார்களாம். திருவெம்பாவைப் பூசை நடக்கப்போகிறதாம். அங்கே போய்வர அலுவலகத்தில் மூன்றுதரம் ஏறி இறங்கிக் கடிதம் எடுத்துவிட்டானாம். முதல் வேலை அதுதான், அம்மாவின் நட்சத்திரத்துக்கு அருச்சனையும் சொல்லி வைத்திருக்கிறேன் என்றான்.

பஸ்ஸிலும் கப்பலிலும் வந்த அலுப்பு இருக்கும், முதல் நாள் வேண்டாம் என்றார் குலசேகரம். அப்ப இரண்டாம் நாள் என்றான் தம்பி. குளிர் எனக்கு ஒத்துவராது, விடியப்புறம் முழுகேலாது என்றார். பின்னேரப் பூசையும் இருக்கு என்றான் அவன். பாப்பம் என்றார். கடிதம் அந்த இரண்டு நாளுக்குத்தான் அண்ணை, பிறகு போகேலாது என்றான். இந்தமுறை கோயிலை விடுவம் தம்பி, ஊரைப் பாப்பம் என்று சொல்லி முடித்தபோதுதான், சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கு விளங்கியது. சிவமலர் குசினி வாசலில் கையில் கரண்டியோடு நின்றபடி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் தம்பிக்குப் பின்னால் ஆரோ தெரியாத மொழியில் விரைவாக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.

"அண்ணை" என்றான் கணேசலிங்கம். "போன வெள்ளி முருகனிட்டைப் போனனீங்களோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கோயிலைத் தொட்டுப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"தம்பி, நான் வந்து..."

"ஆர் அண்ணை கொள்ளி வைச்சது?"

எது நடக்கக்கூடாது என்று ஒரு கிழமையாய்க் குலசேகரம் மேசையில் குந்தியிருந்து கோடு கோடாய்க் கீறினாரோ, அது அவர் வாயாலேயே நடந்துகொண்டிருந்தது. அந்த நடைபாதை, அந்த வரிசை, அவன் தனியே. சித்தப்பாவின் மகன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

"வேண்டாம், சொல்லாதேங்கோ" என்று தம்பி மறித்தான். குரல் நடுங்கவில்லை. அதுதான் அவரை இன்னும் பயப்படுத்தியது. "இஞ்ச பின்னால ஆக்கள் நிக்கினம். நான் இஞ்ச அழேலாது. நீங்கள் வந்து சொல்லுங்கோ. நான் ஒண்டும் தெரியாத மாதிரி இருக்கிறன். வந்து முதலிலையிருந்து சொல்லுங்கோ."

"புதன் வரைக்கும் தாங்குவியோ?"

"தெரியாது அண்ணை" என்றான்.

குலசேகரம் அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. இண்டைக்கே வெளிக்கிடுறன், நான் வருமட்டும் காவலாளியின்ர அறையிலை இரு, தனிய இராதை, அவனிட்டைச் சொல்லிப்போட்டு இரு என்றார். நாளை பின்னேரத்துக்குள் எப்படியும் வந்திடுவன் என்றார். எந்தப் பஸ், இடம் இருக்குமா, பெற்றோல் நிலையத்தில் ஆர் தன் ஷிப்டைப் பார்ப்பார்கள், ஒன்றும் தெரியாமலேதான் சொன்னார்.

"ஓம்" என்றான் தம்பி. "வரேக்கை சவரக்கத்தி ஒண்டு கொண்டு வாங்கோ அண்ணை. மொட்டை அடிக்கோணும். இஞ்ச ஆரிட்டைக் கேக்கிறது?"

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது. சிவமலர் அதற்குள் அடுப்பை நூர்த்துவிட்டு மாடிக்கு ஏறி, புதனுக்கென்று அரைகுறையாய் அடுக்கியிருந்த பெட்டியைக் கீழே இழுத்து வந்திருந்தாள். பெனடிக்றுக்குத் தானே தொலைபேசி எடுத்துச் சொல்வதாகச் சொன்னாள். குலசேகரம் குளியலறைக்குப் போனார். தன் சவரக்கத்தியையும் புது அலகுப் பக்கெற்றையும் ஒரு துவாயில் சுற்றி, உடுப்புகளுக்கு நடுவில் வைத்தார். சப்பாத்து நூலைச் சிவமலர் குனிந்து கட்டிவிட்டாள்.

விக்ரோறியா பஸ் நிலையத்தில் அன்றிரவு வண்டிக்கு இடம் இல்லை என்றார்கள். ஆராவது வராமல் விட்டால் பார்க்கலாம், ஓரமாய் நில்லுங்கள் என்றார்கள். அவர் ஓரமாய் நிற்கவில்லை. பெட்டியைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு வண்டி வாசலை மறித்தபடி நின்றார். ஏறுகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டு, முதலிலிருந்து எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்று உதடு அசைய ஒத்திகை பார்த்தபடி நின்றார்.