நாலாவது பிளக்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கையில் வீடு கிடைத்தால் நல்ல காற்று வாங்கலாம் என்று சொல்வார்கள். நாங்கள் காற்றை வாங்கினோம், எங்கள் கார் உப்பை வாங்கியது. அப்பா அதை வாங்கும்போதே அது ஒரு கிழட்டுக் கார். எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற நாலு பிளக்குகளும் எத்தனை மழைக்காலமாகக் கழற்றப்படாமல் இருந்தனவோ, இரும்போடு இரும்பாக இறுகிப் போயிருந்தன. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கார் இருமும், தும்மும், பிறகு படுத்துவிடும்.

"உங்கட கார் எழும்ப முதல் நான் நடந்தே கந்தோருக்குப் போயிடுவன்" என்று அம்மா சொல்வார். அவர் ஒரு நாளும் எந்தக் கந்தோருக்கும் வேலைக்குப் போனவர் அல்ல.

வடக்கில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கண் வைத்தியரைப் பார்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஊரில் அவருக்கு ஒரு வெங்காயத் தோட்டம். கொழும்பில் என்ன கதை தொடங்கினாலும் அவர் அதை வெங்காயத்தில்தான் கொண்டுவந்து முடிப்பார். அங்கே பெற்றோல் இல்லாததால், தண்ணீர் இறைக்கும் மெஷினை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகை பிளக்குகளைத் தின்று தீர்த்துவிடும். இருந்த பிளக்கும் செத்துப்போக, சித்தி வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப் பிளக்குகள் நாலை வாங்கி வைத்துக்கொண்டு அப்பா காரின் வாயைத் திறந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அப்பாவுக்குப் புத்தி நிறைய உண்டு, ஆனால் ஸ்பானரைக் கையில் எடுத்தால் அதை எங்கோ கழற்றி வைத்துவிடுவார். ஸ்பானரைச் சரித்துப் பிடித்து முதலாவதைத் திருப்பினார். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் தலை 'டிக்' என்று உடைந்து, மிச்சம் கழன்று வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"கழண்டுதுதானே! உடைஞ்சா என்ன, எறியப்போற சாமான்" என்றார் அப்பா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து வந்தார்.

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ. அந்தக் கடைசியை உடைக்காதேங்கோ. அது எனக்கு வேணும்."

"உனக்கென்னத்துக்கு?"

"எங்கட மெஷினுக்கும் இதே அளவுதான்."

"விசரே உனக்கு? காலி வீதியில புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

"புதுசு வேண்டாம். இதுவே எனக்குக் காணும்."

எனக்குச் சிரிப்பாக இருந்தது. புதிய சட்டையைக் கொடுத்தால் வேண்டாம் என்று பழைய சட்டைக்கு அழுகிற ஒரு பெரிய மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

நாலாவதுதான் நாலிலும் பிடிவாதக்காரன். சித்தப்பா புதியவற்றில் மூன்றைப் பூட்டச் சொல்லி, காரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்கினார். சூடு ஆறிக் கை வைக்கக்கூடிய பதம் வந்ததும், தன் கண் மருந்து தீர்ந்த குப்பியில் மண்ணெண்ணெயை நிரப்பி என்னிடம் தந்தார். பிளக்கின் அடியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், அதுதான் என் வேலை.

"எனக்குக் கண்ணுக்கு விட்டது, இவனுக்குக் காலுக்கு விடுறம்" என்றார். "ஊறட்டும். பதறாத காரியம் சிதறாது."

ஊறியது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். கடலோரம் ஒரு ரயில் போய், வீடு முழுக்க அதிர்ந்து அடங்கியது. பிறகு சித்தப்பா ஸ்பானரை நேராக நிறுத்தி, கழற்றுவதற்குப் பதிலாக ஒரு துளி இறுக்கினார்.

"டேய், நீ மற்றப் பக்கமல்லோ திருப்புறாய்!" என்று அப்பா துள்ளினார்.

"பிணங்கி நிக்கிறவனை முதல்ல அவன்ர பக்கம் கதைக்க விடவேணும், அண்ணை. பிறகுதான் எங்கட பக்கம் இழுக்கலாம்."

ஒரு துளி இறுக்கம், ஒரு துளி தளர்வு, மறுபடி மண்ணெண்ணெய். பின்னேர வெயில் மதிலில் ஏறும் நேரம் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. பிளக் முழுசாகச் சித்தப்பாவின் கையில் இருந்தது. அம்மாவின் பழைய பல் பிரஷால் கரியைத் துலக்கி, வயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் தொடவைத்து அப்பாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். நீலமாய் ஒரு பொறி துடித்தது.

"தண்ணி பாயுது!" என்று சித்தப்பா கத்தினார். எங்கள் முற்றத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

அவர் திரும்பிப் போகிற காலையில்தான் அது நடந்தது. பயணம் வெளிக்கிட முதல் தன் பையைத் தானே ஒருதரம் கொட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். "கேக்கிறவனுக்குச் சொல்ல, உள்ளுக்குள்ள என்ன கிடக்கெண்டு எனக்கல்லோ தெரியவேணும்" என்பார். படலையடியில் குந்தியிருந்து மடித்த வேட்டியை உதறியபோது, பெட்டியோடு ஒரு புத்தம் புதுப் பிளக் விழுந்தது. உறவுக்காரரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அப்பா வாங்கிக் கொடுக்க, அம்மா மடிப்புக்குள் வைத்திருந்தார்.

சித்தப்பாவின் முகம் வெளிறிப் போயிற்று.

"மச்சாள், என்ன வேலை பாத்தனீங்கள்! வவுனியாவில ஆமி செக் பண்ணேக்க எஞ்சின் சாமான் ஒண்டும் விடமாட்டாங்கள் எண்டு தெரியாதோ?"

"அப்ப அந்தப் பழசு, தம்பி?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"பழசைக் கண்டா குப்பை எண்டு எறிவான். புதுசைக் கண்டா, ஆருக்குக் கொண்டு போறாய், இயக்கத்துக்கோ எண்டு கேப்பான். அப்பிடி விசாரிக்கவெண்டு கொண்டுபோன ஆக்கள் கனபேர் இன்னும் வீட்டை வந்து சேரேல்ல."

பழையதை வெற்றிலைப் பையில் பாக்குவெட்டியோடு சேர்த்துச் செருகினார். புதியதை அப்பாவின் கையில் வைத்தார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இந்தப் பெரியவர்கள் ஏன் முழிக்கிறார்கள் என்று எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"சித்தப்பா, ஆருக்கு எண்டு கேட்டா, வெங்காயத்துக்கு எண்டு சொல்லுங்கோவன்."

அப்பா சிரிக்கத் தொடங்கினார். தொடங்கியவர் காரின் பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் அதன் கண்ணாடியைத் துடைத்தார். சித்தப்பா குனிந்து என் தலையைத் தடவினார்.

"ஓம் பிள்ளை. அப்பிடித்தான் சொல்லவேணும். எனக்கு இது தோணேல்லப் பார்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தார். பெரியவர்கள் மூன்று பேருக்கும் தெரியாத விடையை நான் ஒருவனாய்க் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன் என்ற பெருமையில், அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.