சொல்லாமல் வைத்திருந்த ஒன்பது நாள்

கண்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் மனிதவளப் பிரிவில் ஏழு வருடமாக இருந்தேன். வருகிற விண்ணப்பங்களை வாசித்து, யாரை நேர்முகத்துக்குக் கூப்பிடலாம் என்று முடிவெடுப்பது என் வேலை. பத்து நிமிடம் பேசினால் ஒரு ஆள் நிலைப்பாரா, சீக்கிரம் போய்விடுவாரா என்று நான் சொல்லிவிடுவேன் என்று மனேஜர் எல்லோரிடமும் சொல்வார். அந்தப் பேரில் எனக்கு ரொம்பப் பெருமை.

பிறகு அவள் வந்தாள். கம்பஸில் புள்ளிவிபரவியல் முடித்த கையோடு வந்த முஸ்லிம் பெண். என்னைவிட எட்டு வயது இளையவள். நாங்கள் வேலைக்கு எடுத்தவர்களின் பழைய விபரங்களை எல்லாம் வாங்கி, மூன்று மாதத்தில் ஒன்றை உருவாக்கினாள். விண்ணப்பத்தை ஏற்றினால், இவர் வேலையில் நிலைப்பாரா என்று கணினி நூற்றுக்கு ஒரு புள்ளி போடும். ஐம்பதுக்குக் கீழே போனால் மறுப்புக் கடிதம் தானாகவே போய்விடும்.

முன்பு என் மேசைக்கு வந்து பேசுகிற மனேஜர் இப்போது அவள் கதிரைக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துச் சிரிப்பார். அவளோ என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். "அக்கா, நீங்க எழுதின குறிப்பெல்லாம் இல்லாட்டி என்னால ஒண்டும் செய்ய ஏலாது" என்பாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பெருநாளைக்கு அவள் கொண்டுவந்த வட்டிலப்பத்தை, இனிப்பு ஆகாது என்று தள்ளி வைத்தேன். எனக்கு இனிப்பென்றால் உயிர்.

ஒரு மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, நான் வேலைக்குச் சேர அன்று எழுதிய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து ஏற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்று. தகுதியில் ஒரு குறையும் இல்லை; மற்றவர்களுடையதிலிருந்து வேறாக இருந்தது முகவரி ஒன்றுதான். முகவரியை மட்டும் மாற்றினேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தை அழித்துவிட்டுக் கண்டி டவுன் என்று போட்டேன். அறுபத்தெட்டு!

காரணம் விளங்கியது. முன்பு தூரத்துத் தோட்டங்களிலிருந்து வந்த சிலர், பஸ்ஸோடு மல்லுக்கட்ட முடியாமல் விலகியிருந்தார்கள். கணினி அதை எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகள் தலையிலும் கட்டிவிட்டது.

உடனே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். அடுத்த வாரம் கொழும்பிலிருந்து டைரக்டர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு இதை அவள்தான் விளக்கப் போகிறாள். அன்றைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் அவள் பேசி முடித்ததும் எழுந்து, இரண்டு புள்ளிகளையும் திரையில் காட்டினேன். அவள் தடுமாறுவாள், அழுவாள் என்றுகூட நினைத்தேன். அவள் திரைக்குக் கிட்டப் போய் இரண்டு முகவரிகளையும் வாசித்தாள். பிறகு, இது தன் பிழை, இன்றைக்கே திருத்துகிறேன் என்றாள். டைரக்டர் ஒருவர் அவளுடைய நேர்மையைப் பாராட்டினார். எனக்கு ஒரு தலையசைப்பு கிடைத்தது.

வெளியே வந்ததும் கேட்டாள். "அக்கா, இத எப்ப கண்டீங்க?"

"போன வாரம்."

"அப்பவே சொல்லியிருந்தா…" என்றாள். அந்த ஒன்பது நாளில் தோட்டத்து முகவரிக்காரர் நான்கு பேருக்கு மறுப்புக் கடிதம் போயிருந்தது. பட்டியலை என்னிடம் தந்தாள்.

நானே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். மூன்று பேர் சந்தோஷமாக வருகிறேன் என்றார்கள். நான்காவது, ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண். எங்கள் ஆபீசுக்கு அரை மணி நேரத்தில் வந்துவிடக் கூடியவள்.

"கடிதம் வந்துருச்சுங்களே மிஸ். அதான் முந்தாநாள் டவுன்ல ஒரு பார்மசியில சேந்துட்டேன்."

"பரவாயில்லை, அதை விட்டுட்டு வாங்க."

"ஒரு வருசம் நிப்பேன்னு சொல்லிட்டேங்க. ரெண்டு நாள்ல விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

நிலைக்க மாட்டாள் என்று கணினி சொன்ன பெண். அதைத் திருத்த எனக்கு ஒன்பது நாள் கிடைத்தது.

போனை வைத்துவிட்டு, பட்டியலைத் தந்தவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்கக்கா" என்றுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினாள். வருடக் கடைசியில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. கேக் வெட்டியபோது நானும் கை தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தேன். யாராவது என் முகத்தைப் பார்த்திருந்தால் உள்ளே அந்தப் பழைய எரிச்சல் இன்னும் இருப்பது தெரிந்திருக்கும்.