சாப்பிட்டாச்சு என்று சொன்னேன்

மகளின் பிரசவத்தின்போது, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தம்தான் அவளைப் பிழைக்க வைத்தது. அந்த நன்றியில் ஒரு வெள்ளிக்கிழமை, நானும் ரத்தம் கொடுக்க ஆலங்குடியிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டையில் உள்ள ஒரு தொண்டு ரத்த வங்கிக்குப் போனேன்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஆச்சுங்க" என்றேன். யார் கேட்டாலும் அப்படிச் சொல்லித்தானே பழக்கம்! உண்மையில் அன்று எனக்கு விரதம். பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்ததும் கண் இருட்டியது. விழப்போன என்னை நர்ஸ்தான் தாங்கிப் பிடித்தார். விஷயம் தெரிந்ததும், "ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?" என்று கடிந்தபடியே, தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதம் ஊட்டினார். விரதம் முறிந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்கப் போகிறேன். அங்கே காத்திருப்பவர்களிடமும் சாப்பிட்டார்களா என்று கேட்பேன். "ஆச்சுங்க" என்றால் விடுவதில்லை. "என்ன சாப்பிட்டீங்க?" என்பேன்.