சண்டை போட்டுக்கொண்டே சுமந்தவர்கள்

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த பிறகும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது முடிவாகாமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்ததே, அந்தச் சமயத்தில் நடந்தது இது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். நான் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, தலைச்சன் பிள்ளை. என் வீட்டுக்காரர் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். வேலையில் நீடிக்க வேண்டுமானால் தெலுங்குப் பரீட்சையில் தேற வேண்டும் என்று சொல்லிவிட்டதால், அதை எழுதச் சித்தூர் போயிருந்தார். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வந்துவிடுகிறேன் என்றார். நான் முறைத்தேன். என் முறைப்பு ஊரறிந்தது. ஆனாலும் போய்விட்டார்.

அவர் போன மறுநாள் காலையில் குழாயடியில் நிற்கும்போதே எனக்கு ரத்தம் பட ஆரம்பித்தது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ரத்தம்தான் நிற்கவில்லை. அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த மருத்துவச்சி பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனாள். அவள் கையில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"இது என் கையில இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். வண்டில ஏத்தாதீங்க, குலுக்கினா தாயும் தங்காது, புள்ளயும் தங்காது. கட்டிலோட தூக்கினு போங்க, ஆடாம அசையாம" என்றாள்.

ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். தூக்க ஆள் வேண்டும். அன்றைக்கு எல்லை விஷயமாக ஹர்த்தால், அதனால் தறி ஓடவில்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். அது மட்டும் என் அதிர்ஷ்டம்.

வந்து நின்ற நான்கு பேரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எங்கள் சபை உபதேசியார், குள்ளமான மனிதர். ஊரில் கிறிஸ்தவர்கள் ஏழெட்டு வீடுதான், எங்கள் எல்லோருக்கும் அவர்தான் பிரசங்கம், ஞாயிற்றுப்பள்ளி எல்லாம். இரண்டாமவர் கரும்புத் தோட்டக்காரர், அவரும் குள்ளம். மூன்றாமவர் பக்கத்து வீட்டு நெசவுக்காரர். எங்கள் தாலுகா முழுக்க மதராஸோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்தவர், அன்றைக்கு ரயில் மறியலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர். நான்காமவர் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த தெலுங்கு வாத்தியார். ஒரு முழம் மண்ணைக்கூட மதராஸுக்கு விடக்கூடாது என்பது அவர் கட்சி. இவரும் நெசவுக்காரரும் ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் எந்த மொழி மேலே இருக்க வேண்டும் என்று ஒருநாள் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டு, அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கட்டில் தூக்குவதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒரே உயரம் உள்ளவர்களைத்தான் ஜோடி போடுவார்கள், இல்லாவிட்டால் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஊரிலேயே உயரமான ஆட்கள் நெசவுக்காரரும் தெலுங்கு வாத்தியாரும்தான். மருத்துவச்சி ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் தலமாட்டுல" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து குனிந்தார்கள். என் தலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சி, அந்தப் பக்கம் ஒரு கட்சி.

ஊர் எல்லை தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னிக்கி மறியல் பண்ணினா நாளைக்கி திருத்தணி ஒங்களுக்கு வந்துடுமா?" என்றார் வாத்தியார், நேரே பார்த்தபடி.

"திருத்தணி மட்டும் இல்ல சார். நகரி, புத்தூர், எல்லாம் எங்களுதுதான்."

"திருப்பதி?"

"அதுவும்தான்."

"மெட்ராஸ் பட்டணத்தையே விட்டுக்கொடுத்துட்டு வந்தவங்க நாங்க. இன்னும் என்ன கேக்கறீங்க?"

கால்மாட்டில் உபதேசியார் வாய்க்குள் ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கரும்புத் தோட்டக்காரர், "எங்கியாவது சேத்துத் தொலைங்கப்பா, ஏரிக்குத் தண்ணி வந்தா போதும்" என்றார். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. தோள் மாற்றும் நேரம் வந்தால் மட்டும் நெசவுக்காரர் "மாத்தலாமா சார்" என்பார், வாத்தியார் "ம்" என்பார். அந்த இடத்தில் சண்டை நிற்கும். கட்டில் ஒரு விரல்கடைகூட ஆடாது. மாற்றி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ண்ணா, சார், ரெண்டு பேரும் வாய மூடினு நடங்க. திருத்தணி எங்கியும் ஓடிப்போவாது. எம் புள்ளதான் போயிடும்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஜெபம் செய்யப் பார்த்தேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள், தெரிந்த ஜெபம் ஒன்றா இரண்டா. ஒரு வார்த்தை வரவில்லை. வானம்தான் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. நான் சாகப்போகிறேன், இந்த நேரத்தில்கூடக் கடவுளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லையே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

தண்டவாளத்துக்கு வந்தால், வழியை அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு ரயில் நிற்கிறது. திருப்பதியிலிருந்து வந்த பாசஞ்சர். இன்ஜின் முன்னால் மறியல்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், சுற்றிலும் போலீஸ். ரயிலின் வால் பக்கம் கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்றது, அந்த வழியாகச் சுற்றிப்போக முடியாது. இன்ஜின் பக்கம் போனபோது ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, எந்த நேரமும் தடியடி ஆரம்பிக்கலாம், கர்ப்பிணியைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள் என்று தடுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் நெசவுக்காரரைப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நேரம், வந்து உட்கார் என்று கூப்பிட்டார்கள். அவர் தோளிலிருந்த கட்டில் சட்டத்தைக் கண்ணால் காட்டினார்.

"வண்டிக்குள்ள பூந்து போயிடலாம்" என்றார் உபதேசியார். பிரசங்கத்தை விட்டால் அதிகம் பேசாத மனிதர், அன்றைக்குக் கீர்த்தனையைத் தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

ரயில் பெட்டியின் வாசலில் கட்டில் நுழையவில்லை. கட்டிலில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் நான்கு மூலைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். படியோ என் தலைக்கு மேல் உயரத்தில் இருந்தது. பெட்டிக்குள் முழுக்கத் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பும் ஜனங்கள். அவர்கள் குனிந்து கை கொடுத்தார்கள். சேர்ந்தாற்போலத் தூக்குவதற்காக ஒருவர் "கோவிந்தா" என்றார், எல்லோரும் "கோவிந்தா" என்று சொல்லி ஒரே மூச்சில் தூக்கினார்கள். உபதேசியாரும் சேர்ந்து சொன்னார் என்று நெசவுக்காரர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உபதேசியார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. முகம் தெரியாத ஒரு அம்மாள் என் தலை எதிலும் இடிக்காமல் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே கூட வந்தாள். அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாங்கள் பெட்டியின் நடுவில் இருக்கும்போது இன்ஜின் ஊதியது. மறியல்காரர்களைப் போலீஸார் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு குலுக்கலில் எல்லாம் முடிந்துவிடும் என்று மருத்துவச்சி சொன்னது அங்கிருந்த ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். நெசவுக்காரர் ஒரு கையால் ஜமுக்காளத்தை இறுக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார், எழுந்துவிடாதீர்கள் என்று. அவர் குரல் அங்கே எட்டவில்லை. அப்போது தெலுங்கு வாத்தியார், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற தன் குரலில், அடுத்த ஜன்னலில் முழங்கினார்.

"எவரும் எழுந்திருக்காதீங்க. ஒக்காருங்கய்யா, நல்லா ஒக்காருங்க. உள்ள புள்ளத்தாச்சி இருக்காங்க."

மறியல் கூடவே கூடாது என்று அத்தனை மாதமாக வாதாடிய மனிதர். கூட்டத்துக்கு அவர் குரல் கேட்டது. அப்படியே கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். போலீஸாரும் விஷயம் புரிந்து கையை எடுத்துவிட்டார்கள். என்னை அந்தப் பக்கம் இறக்கி, ஜமுக்காளத்தோடு ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோகும் வரைக்கும் அந்த ரயில் நகரவில்லை.

மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்கள். அரை மயக்கத்தில் கிடந்த எனக்கு ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது. வேப்பமரத்தடியில் இருவரும் மறுபடியும் புத்தூர் யாருக்கு என்று ஆரம்பித்திருந்தார்கள். சிரித்தால் வலித்தது, ஆனாலும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் பரீட்சை முடிந்து வந்தார், பிற்பாடு தேறியும்விட்டார். அதற்கும் முறைத்தேன்.

பிறகு எல்லையும் முடிவானது. திருத்தணி மதராஸோடு போயிற்று, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். நெசவுக்காரரும் வாத்தியாரும் இதனால் ஒன்றும் சிநேகிதர்களாகிவிடவில்லை. பார்த்தால் பேசினார்கள், பேசினால் சண்டை போட்டார்கள்.

குழந்தை தவழத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபைக் கோயிலில் உபதேசியார் அந்தச் சுவிசேஷப் பகுதியை வாசித்தார். கை கால் விழுந்த ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குவார்களே, அந்தக் கதை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டதுதான். அவன் எழுந்து நடந்துபோவதைத்தான் எப்போதும் கவனித்திருக்கிறேன். அன்றைக்கு வேறொரு இடத்தில் நின்றுவிட்டேன். தூக்கிவந்தவர்களின் விசுவாசத்தைப் பார்த்துத்தான் இயேசு அவனிடம் பேசத் தொடங்குகிறார். படுத்துக் கிடந்தவன் ஜெபித்தானா, நம்பினானா, ஒன்றும் சொல்லப்படவில்லை. கட்டிலில் வாயடைத்துப்போய்க் கிடந்த என்னை நினைத்துக்கொண்டேன். மனசில் அத்தனை மாதமாக இருந்த ஒரு பாரம் அன்றைக்கு இறங்கியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்திலிருந்தவர்கள் பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிப்போனார்கள்.

இப்போது அன்றைக்குப் பிறந்த அந்தப் பெண்ணுக்கே கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சபையில் இன்னாரும் இன்னாரும் பேசிக்கொள்வதில்லை என்று யாராவது என்னிடம் வந்து புலம்பினால், நான் சமாதானம் பேசப் போவதில்லை. யார் வீட்டில் நோயாளி இருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த இரண்டு பேரையும் சேர்த்தே அங்கே அனுப்புகிறேன். போகும் வழியில் முறைத்துக்கொண்டுதான் போவார்கள், போகட்டும். கூரையைப் பிரித்த அந்த நான்கு பேர் வழியில் என்ன பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சுவிசேஷத்தில் எழுதவில்லை. வாய் ஓயாமல் சண்டைதான் போட்டிருப்பார்கள், ஆனால் ஒருவரும் தோளை எடுக்கவில்லை என்று, சுமந்து வரப்பட்டவள் என்கிற உரிமையில் நான் நம்புகிறேன்.