பொன்னியை யார் நடத்துவது?

மோகன் அண்ணா இறந்த செய்தி வந்தபோது நான் ஐயம்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் நின்று, எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் யார் எதைச் சுமப்பது என்ற பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். அவருடைய தங்கையும் என் பிளஸ் ஒன் வகுப்புத் தோழியுமான கவிதா போனில், "அண்ணா போயிட்டாருபா" என்று மட்டும் சொன்னாள். ஐந்து நாள் காய்ச்சல். 'பொன்னி: மூலிகை இருபது' என்று அந்த வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் நோட்டை மூடினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவராக அவரைப் பலருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கம்ப்யூட்டரில் எங்களோடு மாய உலக விளையாட்டு ஆடியது சிலருக்கே தெரியும். கவிதாவின் வாள்வீரன், என் வில்லாளி, காயம் ஆற்றும் அவருடைய மருத்துவச்சி பொன்னி. இவ்வளவுதான் எங்கள் அணி.

ஒருமுறை பூதத்தின் குகை வாசலை அடைந்தபோது மணி நாலரை. ஞாயிறு ராகுகாலம். தறியில் பாவு நூல் ஏற்றவே நேரம் பார்க்கும் வீடு அது. "ஆறு மணிக்கு மேல உள்ள போலாம்மா" என்று அவர் டீ குடிக்க எழுந்தார். ஆட்டத்தை நிறுத்திவைக்க மூவருமே மறந்துவிட்டோம். திரும்பி வந்தால், ஓநாய்கள் எங்கள் அணியைத் தின்று முடித்திருந்தன.

"இதுங்களுக்கு மட்டும் ராகுகாலம் இல்லியா?" என்றாள் கவிதா.

"அதுங்களுக்கு இதான் நல்ல நேரம்" என்றார், சிரிக்காமல்.

விளையாட்டின் புதிய பாகம் வருகிறது என்றதும் மூன்று வாரம் அணியைத் தயார் செய்தோம். பழைய பாகத்தில் செத்தாலும் மறுபடி எழலாம். புதியதில் செத்தவர் செத்தவர்தான். சத்திரத்தில் நாம் விட்டுச்செல்லும் ஆளுக்கு மட்டும் ஆபத்தில்லை. மருத்துவமனையிலிருந்தும் அண்ணா போனில், "மூலிகை பத்தாது, இன்னும் சேத்து வை" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு ஞாயிறு, கவிதா கம்ப்யூட்டரைப் போட்டாள். புதிய பாகம் வந்திருந்தது.

"பொன்னி சத்திரத்துலயே இருக்கட்டும். உள்ள போய் செத்துட்டா என்ன பண்றது?" என்றேன்.

"அங்க தினமும் அதே பெஞ்சில உக்காந்துக்கினு இருப்பா. எங்க அண்ணா ஒரு எடத்துல சும்மா இருந்து நீ பாத்திருக்கியா?"

எழுந்து தண்ணீர் குடித்தேன். உட்கார்ந்து பட்டியலை மூன்று முறை மாற்றினேன். மறுபடி எழுந்தேன்.

"நீயே அவள நடத்து. என்னால முடியாது" என்றாள் கவிதா.

பொன்னியை அணியில் சேர்த்து உள்ளே போனேன். முதல் சுரங்கத்திலேயே அவளுக்குப் பலமாக அடிபட்டது. பாதி மூலிகையை அவளுக்கே செலவழித்தேன்.

மோகன் அண்ணாவை நினைத்து நான் வைத்துக்கொண்டிருப்பது பொன்னியைத்தான். ஆட்டத்தை நிறுத்திவைத்த இடத்தில், குறைந்த உயிரோடு இரண்டாவது சுரங்கத்தின் கதவு முன் நிற்கிறாள். சத்திரத்துக்குத் திரும்பும் வழி புதிய பாகத்தில் கிடையாது.